உப்பில் மீண்ட நிறம்

மரக்காணம்
27.01.2025, திங்கட்கிழமை

அன்பு மருமகன் சாலமனுக்கு,

உன் தாய்மாமன் அந்தோணிசாமி எழுதுவது. ஆண்டவர் தயவில் உடல் நலம்; இடது முழங்கால் மட்டும் அந்தத் தயவுக்கு வெளியே நிற்கிறது. பெங்களூரில் நீயும் உன் ஆய்வுக்கூடத்தாரும் நலமென நம்புகிறேன்.

நீ 20ஆம் தேதி அனுப்பிய பொட்டலம் 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகல் 11.40க்கு வந்தது. மூன்று கண்ணாடிக் குப்பிகள். ஒன்றின் மூடி இறுகாமல் எண்ணெய் கசிந்து பொட்டலம் முழுவதும் ஊறியிருந்தது. அதைத் தொட்ட என் கை, கையைத் துடைத்த துண்டு, துண்டை அலசிய வாளி என எல்லாவற்றிலும் இப்போது மினுமினுப்பு ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் மீசையைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். எழுபத்தாறு வயதில் கூத்தாடி வேடம் கட்டிய பெருமை உன்னால் கிடைத்தது. வாடையோ, வெயிலில் கிடந்த மெழுகுவர்த்தியையும் பழைய தலையெண்ணெயையும் சேர்த்து நசுக்கியது போல் இருக்கிறது.

தொலைபேசியில் நீ சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. இது என்ன பொருள், எதனால் ஆனது, இதை வைத்து நான் என்ன செய்யவேண்டும் என்பதைத் தெளிவாகக் கடிதத்தில் எழுது. தொலைபேசியில் சொன்னதற்கு அஞ்சல் முத்திரை கிடையாது. உப்புக் கம்பெனி ஆய்வகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். தேதியில்லாத எந்தத் தாளையும் நான் தாளென்று மதித்ததில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அ. அந்தோணிசாமி

*

பெங்களூர்
04.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதில் மினுக்கு இல்லை, தைரியமாகத் தடவலாம்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். குப்பியில் இருப்பது சாயம் அல்ல, மரக்கூழ். மரத்திலுள்ள செல்லுலோஸைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு குச்சிகளாக்கித் தண்ணீரில் கலந்தோம். அந்தத் தண்ணீரை எண்ணெயில் ஊற்றிக் குலுக்கினால் பால்மம் ஒன்று உண்டாகும். ரசத்தின்மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதப்பதைத் தலைகீழாக எண்ணிக்கொள்ளுங்கள்: இங்கே எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள். துளியிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியேற, உள்ளேயிருக்கும் குச்சிகளுக்கு இடம் குறையும். அப்போது அவை தாமாகவே வரிசைகொண்டு, ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கைவிடச் சற்றுத் திரும்பி, வெங்காயத் தோல்போல் அமையும். இந்நிலையைத் திரவப் படிகம் என்கிறோம். முழுதும் காய்ந்ததும் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு மணி. அடுக்குகளின் இடைவெளிதான் நிறம்: இடைவெளி கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம். மயிலிறகில் சாயம் ஏது, மாமா? அப்படித்தான். அவற்றை அடுக்க யாரும் கை வைப்பதில்லை. எட்டு ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

முகப்பூச்சுகளிலும் நகப்பூச்சுகளிலும் இன்று மின்னுவது பிளாஸ்டிக் துகள். கழுவினால் கடலுக்குப் போய் அங்கேயே கிடக்கிறது. அதற்கு மாற்றாக எங்கள் மணிகளை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. கடல்நீரிலும் உப்புநீரிலும் அறுபது நாட்களுக்குள் இவை அழிந்துவிடும் என்று காட்டவேண்டும். ஆய்வகத் தொட்டியில் காட்டிவிட்டோம். ஆய்வகத்துக்கு வெளியே, எங்களைச் சேராத ஒருவர் பார்த்து எழுதிய சான்றும் கேட்கிறார்கள். ஜூன் 30க்குள் அறிக்கை போகவேண்டும். உங்களைவிடக் கறாரான சாட்சி இந்தக் கரையில் யார்?

அன்புடன்,
சாலமன்

*

மரக்காணம்
18.03.2025, செவ்வாய்க்கிழமை

அன்பு சாலமனுக்கு,

நலம். தைலத்தால் முழங்கால் தேறவில்லை. வீடுதான் யூகலிப்டஸ் தோப்பாகிவிட்டது. நீ அனுப்பிய புகைப்படத்தில் இளைத்துத் தெரிகிறாய்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை 7.15க்குச் சோதனையைத் தொடங்கினேன். அந்நாளை முதல் நாளாகக் கொள்க. மூன்று பீங்கான் தட்டுகளில் மூன்றரை, பத்து, பதினெட்டு டிகிரி அடர்த்தியில் உப்புநீர். நான்காவதாக, அரசப்பன் மேஸ்திரி தன் உப்பளத்து ஓரத்தில் சும்மா கிடந்த சிறு பாத்தி ஒன்றைக் கொடுத்தான். அதில் இருபத்துநான்கு டிகிரி நீரைப் பாய்ச்சி, வற்ற வற்ற ஊற்றி வந்தேன். அடர்த்தியை என் பழைய கண்ணாடி மிதவையால் தினமும் இருமுறை அளந்தேன்.

முதல் வாரம் பாத்தியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. செத்த மீனின் செதிள் மிதப்பதுபோல் பச்சையும் செம்மையுமாய் ஒரு படலம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற சுற்றுலாக்காரன் ஒருவன் காரை நிறுத்தி அதன்முன் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டான். அழுக்கின்முன் நின்று இளிக்கிற தலைமுறை!

பின்னர் நிறம் வெளுத்து வந்தது. நேற்று, மார்ச் 17, முப்பத்தாறாம் நாள், மாலை 4.30க்கு நான்கிடத்திலும் பார்த்தேன். ஒரு பொட்டு நிறமும் இல்லை. மணிகள் மறைந்தன. தட்டுகளைக் கால்வாயில் கொட்டிக் கழுவிவிட்டேன். பாத்திக்கு நீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன்.

உன் சரக்கு சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. வாடையை மட்டும் மாற்று.

ஈஸ்டருக்கு வருவாய் அல்லவா?

இப்படிக்கு,
அ. அந்தோணிசாமி

*

பெங்களூர்
25.03.2025

அன்புள்ள மாமா,

நலம்தானே? உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். "செத்த மீனின் செதிள்" வந்ததும் எங்கள் குழுவிலுள்ள சிவசங்கரி சிரித்துப் புரையேறிப்போனாள். "மணிகள் மறைந்தன" என்றதும் எல்லாரும் கை தட்டினோம். எட்டு ஆண்டு, மாமா.

கடிதத்தை மட்டுமல்ல, உறையையும் அறிக்கையோடு இணைக்கிறோம். மரக்காணம் அஞ்சல் முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. இனி யாரும் வாய்திறக்க முடியாது.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
சாலமன்

*

மரக்காணம்
22.04.2025, செவ்வாய்க்கிழமை

சாலமனுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு 20ஆம் தேதி கழிந்தது. நீ வரவில்லை. ஆக்கிவைத்த வஞ்சிரக் குழம்பைத் திங்கட்கிழமை மாலைவரை வைத்திருந்து நாய்க்கு ஊற்றினேன். உன் நலத்தை இவ்வளவில் விசாரித்ததாகக் கொள்க.

எழுதவேண்டியது வேறு. 19ஆம் தேதி, பெரிய சனிக்கிழமை காலை, உப்பளத்தில் உப்பு வாரும் பாப்பாத்தி என் வாசலில் வந்து நின்றாள். பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன்.

"இன்னா சார், அந்த ஓரப் பாத்தியில ஜிகினா கொட்டி வச்சிக்கினு இருக்கீங்க?"

"அது கரைந்து ஒரு மாதம் ஆயிற்றம்மா."

"கரைஞ்சிதா? வந்து பாருங்க. தண்ணி வத்தி உப்பு கட்டியிருக்குது. தேரு சோடிச்சாப்ல மின்னுது. இத்தப் போட்டு நான் கருவாடு காய வச்சா, மீனெல்லாம் மூக்குத்தி போட்டுக்கினு வரும்!"

போய்ப் பார்த்தேன். சாலமா, காய்ந்த உப்பின் ஒவ்வொரு கல்லிலும் உன் மணிகள். பச்சை, செம்மை, நீலம். பிப்ரவரியில் கொட்டியபோது இருந்த அதே பளபளப்பு. உப்பு என்றால் வெள்ளை. அதில் நிறம் கண்டால் கம்பெனி நாட்களில் மூட்டையையே திருப்பி அனுப்புவேன். இது சொறி பிடித்த உப்பு.

அரசப்பன் பக்கத்தில் நின்று சிரித்தான். "யம்மா பாப்பாத்தி, அவரு கண்ணு ஆபரேசன் பண்ண கண்ணு. உப்பு வெள்ளையா தெரியறதே பெரிசு. சும்மா வறுக்காத."

"கண்ணு போனா போவுது, மேஸ்திரி. உப்புல போட்டது கெடுமா? மீனே கெடாம கருவாடா கெடக்குது. முப்பது வருசம் உப்பு கம்பெனியில குந்திக்கினு இருந்தாரே, இதுகூடவா தெரியாது?"

பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று பிற்பகலே உருப்பெருக்கியை எடுத்தேன். ஒரு கல்லை உப்புநீரில் இட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இப்போது இல்லாததால், முன்பு ஐந்து வாரம் ஆனது ஆறு மணி நேரத்தில் ஆயிற்று: மணிகள் ஊதிப் பருத்தன; நிறம் போயிற்று; வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. உருப்பெருக்கியிலோ கண்ணாடிக் குமிழ்களாய் முழுசுமுழுசாக நின்றன. மறுபடி உலர்த்தினேன். சுருங்கின. நிறம் திரும்பிற்று. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. அடுக்கு விரிந்தால் நிறம் மறைகிறது, அடுக்கு கலையவில்லை. மறைந்தது நிறம்தான், மணி அன்று.

மார்ச் 17 அன்று நான் உருப்பெருக்கியில் பார்க்கவில்லை. ஜனவரி 8ஆம் தேதி புதுச்சேரியில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. குழாயில் கண்வைத்தால் நீர் கொட்டுகிறது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு வெறுங்கண்ணால் பார்த்து எழுதிவிட்டேன். அறுவையைப் பற்றி உனக்கு நான் எழுதுவது இதுவே முதல்முறை. ஆகவே மார்ச் 18 கடிதம் தவறு. அதை நான் திரும்பப் பெறுகிறேன். அறிக்கையிலிருந்து எடுத்துவிடு.

தட்டுகளைக் கால்வாயில் கொட்டினேன் அல்லவா? அந்தக் கால்வாய் நீர்தான் நாற்பது பாத்திகளுக்கும் பாய்கிறது. இரண்டு நாளாக எனக்குச் சோற்றில் உப்புப் போட மனம் வரவில்லை.

பாத்தி உப்பைக் கொண்டு சோதனையைத் தொடர்கிறேன். இன்று எழுபத்திரண்டாம் நாள். இவை ஏன் கலையவில்லை? நீ எனக்குச் சொல்லாதது ஏதேனும் உண்டா? உடனே எழுது.

அ. அந்தோணிசாமி

*

பெங்களூர்
07.05.2025

அன்புள்ள மாமா,

வணக்கம். ஈஸ்டருக்கு வர இயலாமற் போனதற்கு வருந்துகிறேன். மார்ச் கடிதத்துக்குப் பின் உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை. அஞ்சலில் எங்கேனும் தவறியிருக்கலாம். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இத்துடன் ஓர் உறுதிமொழித் தாள் இணைத்துள்ளேன். "மரக்காணம் உப்பளச் சூழலில் மணிகள் அறுபது நாட்களுக்குள் முழுமையாக அழிந்தன" என்று ஒரே வாக்கியம். நீங்கள் மார்ச்சில் எழுதியதுதான். பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையொப்பம் போதும். தேதியை நாங்கள் இட்டுக்கொள்கிறோம்.

மே மாத வெயில் கடுமை. உப்பளத்துப் பக்கம் அதிகம் போகாதீர்கள். அந்த வெள்ளைக் கூச்சம் கண்ணுக்கு ஆகாது. அறுவைக்குப் பின் ஆறு மாதமாவது சொட்டு மருந்து விடாமல் போடவேண்டும் என்கிறார்கள். நல்ல மருந்தாக இரண்டு குப்பி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சாலமன்

*

மரக்காணம்
14.05.2025, புதன்கிழமை
பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்

சாலமனுக்கு,

இன்று உன் பிறந்தநாள். சான்றிதழில் உள்ளபடி நாற்பத்துநான்கு முடிந்தது. ஆண்டுதோறும் போல வாழ்த்துகிறேன். அந்தக் கடமை தீர்ந்தது.

சொட்டு மருந்து வந்தது. ஒரு கேள்வி. என் கண்ணில் அறுவை நடந்ததை நீ எப்படி அறிந்தாய்? உனக்கு அதை நான் எழுதியது 22.04.2025 கடிதத்தில் மட்டுமே. அந்தக் கடிதம்தான் உனக்கு வரவில்லையே? அரசப்பன் சொல்லியிருப்பானோ என்று அவனையே கேட்டேன். உன் எண் அவனிடம் இல்லையாம். "உங்க மருமவன் போனு நம்பர வச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றான்.

ஆக, வந்தது. படித்தாய். மாமன் கண் கெட்டுவிடக் கூடாதென்று மருந்து வாங்கினாய். அதே கையால் கடிதம் வரவில்லை என்றும் எழுதினாய். உன் அன்பும் உன் பொய்யும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. மருந்துக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் குமட்டுகிறது; ஆனாலும் போட்டுக்கொள்கிறேன், கண் வேண்டியிருக்கிறது.

"தேதியை நாங்கள் இட்டுக்கொள்கிறோம்." இந்த வாக்கியத்தை மூன்றுமுறை படித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் தேதிக்கு இடம்விட்டுக் கையொப்பமிடும்படி என்னிடம் கேட்ட முதலாளிகள் இருவர். இருவர் முகத்திலும் தாளை விட்டெறிந்தேன். நீ தூரத்தில் இருக்கிறாய். உன் தாளைக் கையொப்பமின்றித் திருப்பி அனுப்புகிறேன்.

ஏப்ரல் கடிதத்தின் நகல் இத்துடன். ஒப்புகை அட்டையில் உன் கையொப்பம் இட்டுத்தான் வாங்கவேண்டும். இது தொலையாது.

இன்று தொண்ணூற்றுநான்காம் நாள். மணிகள் முழுசாக உள்ளன.

அ. அந்தோணிசாமி

*

பெங்களூர்
26.05.2025

மாமாவுக்கு,

அட்டையில் கையொப்பமிட்டேன். ஆம், ஏப்ரல் கடிதம் வந்தது. பொய் சொன்னேன். சொல்லத் தெரியாமல் சொல்லி அகப்பட்டுக்கொண்டேன்.

இப்போது நான் எழுதுவதையும் படியுங்கள். அந்த மணிகள் நஞ்சல்ல. மரக்கூழ். பாப்பாத்தி அக்கா சமைத்தாலும் ஒன்றும் ஆகாது. இன்றில்லாவிட்டால் ஓராண்டில், ஈராண்டில் மட்கிப்போகும். பிளாஸ்டிக் மட்காது. அறுபதா, அறுநூறா என்பதற்காக எல்லாவற்றையும் கவிழ்ப்பதா? இந்த அறிக்கை நிற்காவிட்டால் எங்கள் கூடத்தை மூடுவார்கள். ஆறு பேர். சிவசங்கரி நிறைமாதக் கர்ப்பிணி.

பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி. ஆனால் தேதியைப் பற்றி நீங்களா எனக்குச் சொல்வது?

நான் பிறந்தது ஆகஸ்ட் 14. கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. 1986 ஜூனில் பள்ளித் தலைமையாசிரியர்முன் நின்று மே 14 என்று சொன்னவர் நீங்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்றார்கள். மூன்று மாதத்தைக் கூட்டிச் சொன்னீர்கள். அதன்பின் அந்தப் பொய் கலையக்கூடாதென்று ஆண்டுதோறும் மே மாதத்தில் எனக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள். அம்மா இருந்தவரை ஆகஸ்டில் யாருக்கும் தெரியாமல் பாயசம் வைப்பார்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோடையில் அம்மா தலையில் உப்புக் கூடையோடு போய்வந்துகொண்டிருக்க, வரப்பில் விட்ட நான் உப்புநீர்த் தொட்டியில் விழுந்தேன். ஒன்பது நாள் கண் திறக்கவில்லையாம். இன்னோர் ஆண்டு என்னை அந்த வரப்பில் உட்காரவிட உங்களுக்கு மனமில்லை. அந்த ஒரு பொய்த் தேதியால் என்னைக் கரையேற்றினீர்கள். நானும் ஆறு பேரைக் கரையேற்றத்தான் ஒரு தேதியை மாற்றுகிறேன். எது பெரிய பொய் என்று உங்கள் மிதவையை விட்டு அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

சாலமன்

*

மரக்காணம்
11.06.2025, புதன்கிழமை

சாலமனுக்கு,

நலம் விசாரிக்கத் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆயினும் நலமாக இரு. அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

அளந்தேன். பதினாறு நாள் எடுத்துக்கொண்டேன்.

1986 ஜூன் 9, திங்கட்கிழமை. காலை 10 மணி இருக்கும். நான் சொன்னது பொய். அதைப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே நான் பொய்யே சொல்லாதவனாகி, மற்றவர் தாள்களில் தேதி பிழை கண்டு சீறி, ஊரில் கறாரானவன் என்று பெயர் வாங்கினேன். உன்மீது எனக்கு எழுந்த அருவருப்பில் பாதி என்னுடையதே என்று இப்போது தெரிகிறது. இன்னும் கேவலம் ஒன்று உண்டு: அதே ஜூன் 9 மறுபடி வந்தால் அதே பொய்யைத்தான் சொல்வேன். உன் இரண்டு கண்ணும் சீழ்கட்டிக் கிடந்ததைப் பார்த்தவன் நான்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. என் பொய்யை உன் ஒருவன் தலையில் கட்டினேன். நீ அதை நாற்பது ஆண்டு சுமந்தாய். இன்று வந்து என் முகத்தில் எறிந்தாய். அது நியாயம். உன் பொய்யை யார் வந்து உன் முகத்தில் எறிவார்? பாப்பாத்திக்கு உன் முகவரி தெரியாது. சென்ற வாரம் மூன்றாம் பாத்தியிலும் இரண்டு கல் மின்னியது. நான் கால்வாயில் கொட்டியது. அவள் அதைத் தனியே பொறுக்கி முந்தானையில் முடிந்துவந்து என்னிடம் கொடுத்தாள். "உங்க பொருளு சார், நீங்களே வச்சிக்கோங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இத்துடன் இரண்டு தாள்கள். முதலாவது, உன் அறிக்கைக்கு. மார்ச் 18 கடிதம் என் பிழை என்றும், இன்று நூற்றிருபத்திரண்டாம் நாளிலும் மணிகள் கலையவில்லை என்றும், உலர்த்தினால் நிறம் மீள்கிறது என்றும் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறேன். இரண்டாவது, நீ படித்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு. 1986இல் பிறந்த தேதியைப் பொய்யாகக் கொடுத்தவன் நான், பிள்ளைக்கு அதில் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டையும் நானே உரியவர்க்கு அனுப்பியிருக்கலாம். அஞ்சல் அலுவலகம்வரை போய்த் திரும்பினேன். உறைகளை ஒட்டவில்லை. இரண்டையும் அனுப்பு, அல்லது ஒன்றை, அல்லது இரண்டையும் கிழித்துப் போடு. 30ஆம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இனி நான் நினைவூட்டமாட்டேன்.

அ. அந்தோணிசாமி

*

பெங்களூர்
14.08.2025

அன்புள்ள மாமா,

நலமா? கண் எப்படி இருக்கிறது? இரண்டு மாதம் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். எழுதியிருந்தால் கோபமாகத்தான் எழுதியிருப்பேன்.

அறிக்கை ஜூன் 30 அன்று போயிற்று. உங்கள் மார்ச் கடிதத்தையும் ஜூன் தாளையும் உறைகளோடு இணைத்தேன். "மரக்காணத்தில் நூற்றிருபத்தொரு நாட்களுக்குப் பின்னும் மணிகள் அழியவில்லை, உலர்ந்ததும் நிறம் மீண்டது" என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன். நிறுவனம் ஜூலை 11 அன்று விலகிக்கொண்டது. குழுவில் மூவர் போய்விட்டார்கள். எங்களுக்கு டிசம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். சிவசங்கரிக்குப் பெண் குழந்தை. அவள் என்னோடு இன்னும் பேசவில்லை.

ஏப்ரலில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில். சொல்லாதது ஒன்று இருந்தது. முகத்தில் வேர்வை பட்டால் மணி கலையக்கூடாது என்று நிறுவனம் கேட்டது. அதற்காக அடுக்குகள் தாமாக அமைந்து முடிந்தபின், அவற்றை ஒன்றோடொன்று பூட்டும் மருந்தைச் சேர்த்தேன். வேர்வையில் கலையாதது கடலில் எப்படிக் கலையும்? எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தேதான் இருந்தது. எங்கள் தொட்டியிலும் நிறம் போனதை மட்டுமே பார்த்தேன். உருப்பெருக்கி என் மேசையிலேயே இருந்தது. என் கண்ணில் அறுவையும் நடக்கவில்லை.

பூட்டில்லாத மணிகளை மறுபடி செய்துபார்க்கிறேன். தாமாக அமைந்தவை தாமாகக் கலையட்டும். வருமா என்று தெரியாது.

பள்ளிக்கான கடிதத்தை அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. அம்மாவின் செபமாலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை இன்றே பெட்டியில் போட்டு, இன்றைய முத்திரை விழுகிறதா என்று நின்று பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
சாலமன்

*

மரக்காணம்
20.08.2025, புதன்கிழமை

அன்பு சாலமனுக்கு,

கடிதம் நேற்று 19ஆம் தேதி மாலை 3.50க்கு வந்தது. முத்திரையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன்: 14 ஆகஸ்ட். சரியாக விழுந்திருக்கிறது. வலது கண்ணில் இப்போது நீர் வடிவதில்லை. நேற்று சற்று வடிந்தது.

உன் அறிக்கையில் பிழை உள்ளது. நூற்றிருபத்தொரு நாள் அல்ல, நூற்றிருபத்திரண்டு. பிப்ரவரி 10ஐ முதல் நாளாகக் கொள்ளவேண்டுமென்று மார்ச்சிலேயே எழுதியிருக்கிறேன். உடனே திருத்தம் அனுப்பு. கம்பெனிக்காரன் போய்விட்டான் என்பதற்காக ஒரு நாள் குறைந்துவிடாது.

ஓரப் பாத்தி உப்பு முழுவதையும் பாப்பாத்தியும் நானும் சுரண்டி எடுத்துவிட்டோம். நான்கு மூட்டை. என் படுக்கையறையில் அடுக்கியிருக்கிறேன். சன்னல் வெயில் படும்போது தைத்த வாயிலெல்லாம் மின்னுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று என் வேட்டிக் கரையில் நீலம் ஒட்டியிருக்கிறதென்று அரசப்பன் ஊர்முழுக்கச் சொல்லிவிட்டான். பூட்டில்லாத மணிகளைச் செய்ததும் முதல் குப்பியை எனக்கு அனுப்பு. இம்முறை பாத்தி கிடையாது. பீங்கான் தட்டு மட்டுந்தான். கால்வாய்ப் பக்கம் போகமாட்டேன். மூடியை இறுக்கி அனுப்பு.

அந்தக் குழந்தையின் தாய்க்கு நீயே முதலில் போய்ப் பேசு.

முப்பத்தொன்பது ஆண்டுகளாக மூன்று மாதம் முந்தியே வந்துகொண்டிருந்த என் பிறந்தநாள் வாழ்த்து, இவ்வாண்டு ஆறு நாள் பிந்தி வருகிறது. பெற்றுக்கொள்.

இப்படிக்கு, உன் மாமன்,
அ. அந்தோணிசாமி